ரோஜாவுக்கு எடுத்த கோடி

10 ஜூலை 2011, ஞாயிறு
திண்டிவனம்

இன்று அக்காவிடம் சொல்லாதது: அம்மா மீன் வாங்கப் போகவில்லை. கையெட்டும் தூரத்தில் இரண்டு தலையணைகளில் சாய்ந்துகொண்டு, நான் போனில் பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு பகலில் இத்தாலியிலிருந்து போன் வரும். மடத்தில் ஒவ்வொரு சிஸ்டருக்கும் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேச அனுமதி.

"அம்மா எங்கடி?"

"மீனு வாங்கினு வரன்னு போச்சி."

"இந்நேரத்துக்கா?"

"ஆமா."

"சரி, கொழம்பு வச்சி சாப்புடுங்க" என்று வைத்துவிட்டாள்.

"நம்பிச்சா?" என்றாள் அம்மா.

"நம்பிச்சி."

"அது அவ்ளோ சீக்கிரம் நம்பற ஆளு இல்லியே."

அம்மாவுக்கு நுரையீரலில் தண்ணீர். எடுத்தால் மறுபடி சேர்கிறது. வேறெங்கோ தொடங்கிய கட்டி அங்கே வந்துவிட்டது. பாண்டிச்சேரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் தாண்டாது என்றார். வெளியே வந்து, "மருந்து மாத்தியிருக்காங்கம்மா" என்றேன். "எத்தினி மாசம்னு சொன்னாரு?" என்றாள்.

செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்த நாளில், ரோஜா அக்காவுக்கு நித்திய வார்த்தைப்பாடு. அன்றிலிருந்து அவள் சாகும்வரை சிஸ்டர். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. "இப்ப சொன்னா ஓடியாந்துடும். ஓடியாந்தா திரும்பிப் போவாது. எட்டாந்தேதி முடியட்டும். அப்பறம் சொல்லு, வந்து பாக்கட்டும்."

எங்கள் தெருவிலிருந்து மடத்துக்குப் போய்த் திரும்பி வந்த பெண் ஒருத்தி உண்டு. இருபது வருஷம் ஆகியும் அவளுக்குப் பெயர் கிடையாது. 'மடத்துலேர்ந்து வந்தவ' என்பதுதான் பெயர்.

17 ஜூலை

இந்த வாரம், "தூங்குது" என்றேன். அது பொய்யில்லை. பொய்தான்.

24 ஜூலை

இரண்டு வாரம் பேசாவிட்டால் சந்தேகம் வரும் என்று அம்மாவே திட்டம் போட்டாள். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் தண்ணீர் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை பேசும் அளவுக்கு மூச்சு இருக்கும். என்ன பேசுவது என்று காலையிலிருந்து ஒத்திகை. போன் வந்ததும் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு, "நல்லாருக்கேன் சாமி, நீ சாப்டியா, எனக்கு முட்டிதான் வலி, எட்டாந்தேதிக்கு ஜெயத்த அனுப்பறேன்" என்று என்னையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள்.

வைத்த பிறகு வெகுநேரம் இருமினாள். முகத்தில் ஜெயித்துவிட்ட களை.

31 ஜூலை

மடத்திலிருந்து வந்திருக்கும் டிக்கெட் வீட்டில் ஒருவருக்கு. அம்மாவுக்கென்று வந்தது எனக்கு மாறிவிட்டது.

பதினைந்து வயதிலிருந்து கிளை நூலகத்தில் ஐரோப்பாவை வாசித்துக்கொண்டிருக்கிறேன். பனி, ரயில் நிலையம், மணிக்கூண்டு, ஜன்னலோரத்தில் கடிதம் எழுதும் பெண்கள். ஒரு தடவையாவது போக வேண்டும் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரிப்பார்கள். இப்போது போகிறேன். இப்படியா.

7 ஆகஸ்ட்
விழுப்புரம்

நான் போயிருக்கும் நாட்களில் அம்மா தென்னரசு அண்ணன் வீட்டில் இருப்பாள். இடம் பார்க்க என்று வந்தவள் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் புடவைக்கடைக்குப் போக வேண்டும் என்றாள். பத்து அடிக்கு ஒருதரம் நின்று, ஏதோ யோசிப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். எங்கள் பழைய பங்குச்சாமியார் எப்போதோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: நித்திய வார்த்தைப்பாட்டின்போது சிஸ்டரைத் தரையில் குப்புறப் படுக்க வைத்து மேலே துணி போர்த்துவார்கள், உலகத்துக்குச் செத்துவிட்டாள் என்று அர்த்தம். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சாவில் போர்த்தும் கோடித்துணியைப் பற்றியே எண்ணம்.

"செத்தா மாதிரின்னா அது கோடிதானே? கோடி பொறந்த ஊட்லேர்ந்துதானே போவணும்? அங்க யாரோ ஒரு துணிய எடுத்துப் போத்திட்டா? அனாதையா அது?"

கடைக்காரர் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "என்ன விசேஷம்மா? கல்யாணமா, காரியமா?"

"ரெண்டும்தான்" என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன்.

சந்தன நிறம், அரக்குக் கரை, பருத்தி. விரித்துத் தன் தோளிலிருந்து பாதம்வரை வைத்துப் பார்த்தாள். "அது என்னைவிட ஒசரம். ஆனா படுத்தா இது போதும்."

20 ஆகஸ்ட்
திண்டிவனம்

விசா வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியைகள் கைகொடுத்தார்கள். ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

28 ஆகஸ்ட்
விழுப்புரம்

நாளைக்கு விமானம். புடவையைப் பெட்டியின் அடியில் வைக்கப் போனேன். "அடியில வெக்காத, கசங்கிடும்" என்றாள். பிறகு என் தலையில் கை வைத்து, "சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன்.

30 ஆகஸ்ட்
விதெர்போ

ரோமில் இறங்கி அங்கிருந்து ரயில். விமான நிலையத்தில் அக்காவைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. வெள்ளை உடுப்பில் இளைத்து, கண்ணாடி போட்டு. என்னைக் கட்டிக்கொண்டு முதலில் கேட்டது "சாப்டியா." சாயங்காலம்வரை அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதி. கோபமும்.

ஊரைச் சுற்றிக் கோட்டை மதில். ஒரு காலத்தில் பாப்பரசர்கள் இங்கேதான் இருந்தார்களாம். வீடு, தெரு, கோவில், எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கல். எங்கள் பக்கத்துக் குவாரிக் கல்லின் தங்கை மாதிரி. வீட்டுக்கு வெளியே மாடிப்படி. முக்குக்கு முக்கு தண்ணீர் கொட்டும் நீரூற்று. நான் படித்து வைத்திருந்த ஐரோப்பா இல்லை இது. இது கல். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா குவாரியில் ஜல்லி உடைத்தவள். இந்த ஊரை அவள் பார்த்தால் முதலில் சுவரை விரலால் தட்டிப் பார்ப்பாள்.

நான் தட்டினேன்.

31 ஆகஸ்ட்

மடத்தோடு சேர்ந்தது முதியோர் இல்லம். அக்காவுக்கு அங்கேதான் வேலை: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கடைசி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. ஊர்க்காரர்களுக்கு அவள் பெயரில் ஒரு பெருமை. இந்த ஊர்ப் புனிதையின் பெயரும் ரோஸா. 'எங்கேயோ கடல் தாண்டி எங்கள் ரோஸாவைப் பெற்றிருக்கிறார்கள்' என்கிறார்களாம்.

செப்டம்பர் மூன்றாம் தேதி இரவு, ஏழெட்டு மாடி உயரக் கோபுரம் ஒன்றை, உச்சியில் ரோஸாவின் சிலையோடு, நூறு ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போவார்கள். சக்கரம் கிடையாது. நிக்கோலா என்ற கிழவர் இளமையில் அதைத் தூக்கியவர். இப்போது பெற்ற பிள்ளைகளையே தெரிவதில்லை. தினமும் காலையில் அக்காவிடம் ஒரே கேள்வி, இன்றைக்கா என்று. அக்காவும் வருஷம் முழுக்க ஒரே பதில், நாளைக்கு என்று.

"அது பொய் இல்லியாக்கா?"

"அவரு நாளைக்குன்னு கேட்டாதான் கஞ்சி குடிப்பாரு. நீ வேணா வந்து உண்மைய ஊட்டிப் பாரு."

பிறகு அவர் காதருகே குனிந்து, தூக்குகிறவர்களுக்குத் தலைவன் கொடுக்கும் கட்டளையைச் சொன்னாள். 'தூக்குங்கள், அசையாமல் நில்லுங்கள்' என்று அர்த்தமாம். படுக்கையில் கிடந்தவரின் வலது தோள் மெல்ல மேலே வந்தது. இறங்காமல் அப்படியே நின்றது.

1 செப்டம்பர்

புடவையைக் கொடுத்தேன். எதற்கு என்று சொன்னதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அய்யோ அம்மா. போத்தறதெல்லாம் இங்க எப்பவோ வுட்டுட்டாங்கடி. சும்மா படுப்போம், பாட்டு முடிஞ்சா எழுந்துடுவோம். அந்தச் சாமியாரு எந்தக் காலத்துல படிச்சாரோ."

"கடையில கல்யாணமா காரியமான்னு கேட்டாங்க. அம்மா ரெண்டும்னிச்சி."

சிரிப்பு நின்றது. புடவையைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். மறுபடி மடித்தாள், மடிப்பு சரியாக வராமல் திரும்பவும் மடித்தாள். சாயங்காலம் மதரிடம் போய், அதைப் போர்த்திக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறாள். வயதான சிஸ்டர் ஒருவர், தன் காலத்தில் கறுப்புத் துணி போர்த்தினார்கள் என்று சொன்னாராம். மதர் சரி என்றுவிட்டார்.

எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று எனக்குப் புரியவில்லை. சிரித்தவள்தானே.

2 செப்டம்பர்

ரோஸாவின் உடலைப் பார்த்தேன். கண்ணாடிப் பேழைக்குள் கறுத்துச் சுருங்கிய சின்ன உடம்பு. எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியது. சாகும்போது பதினெட்டு வயதுதான். ஏழைப் பெண். மடத்தில் சேரக் கேட்டிருக்கிறாள். சேர்த்துக்கொள்ளவில்லை. கொண்டுவர ஒன்றும் இல்லாததால் என்று சொல்கிறார்கள். செத்துச் சில வருஷம் கழித்து, அவளை வேண்டாம் என்ற அதே மடத்துக்கு, பாப்பரசரே முன்னின்று உடலைத் தூக்கி வரச் செய்தாராம். கோபுரம் தூக்குவது அந்த நாளின் நினைவாகத்தான்.

"அப்ப இது அவளோட சவ ஊர்வலமா?" என்றேன்.

"ஊட்டுக்கு வந்து சேந்த ஊர்வலம்னு வச்சிக்கோ."

பிற்பகல் ஊர்வலத்தில் அவளுடைய இதயத்தைத் தனிப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு நூற்றாண்டின் உடையிலும் ஊர்க்காரர்கள். பட்டுக் கால்சட்டைக் கனவான்கள், ஈட்டி பிடித்த வீரர்கள், சின்ன ரோஸாக்களாகப் பெண் குழந்தைகள். செருப்பு கடித்து ஒரு குட்டி ரோஸா அழுதுகொண்டே போனது.

கூட்டத்தில் நின்றபடி, "அக்கா, அம்மா விஷயம் ஒன்னு" என்று ஆரம்பித்தேன். "அதோ பாரு, அந்தக் குதிர மேல ஒக்காந்துகினு வர்றாரே, எங்க ரொட்டிக்கடைக்காரரு" என்றாள். விட்டுவிட்டேன்.

3 செப்டம்பர்

இதை எப்படி எழுதுவது.

மத்தியானத்திலிருந்தே ஜனம் நாற்காலி போட்டு இடம் பிடித்துவிட்டது. மடத்துக்கு வேண்டிய ஒரு குடும்பம் கடைத்தெருவில் முதல் மாடி ஜன்னலை எங்களுக்கு விட்டிருந்தது. தூக்குகிறவர்கள் வெள்ளைச் சட்டை, இடுப்பில் சிவப்புத் துணி. காலையிலிருந்து கோவில் கோவிலாகச் சேர்ந்து நடந்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு கோவிலில் அவர்களுக்குச் சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கும் ஆசீரைக் கொடுப்பார்களாம். ஒருவன் தடுக்கினாலும் மொத்தமும் சாயும். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. வெளிச்சம் தெரியாது, தெரு தெரியாது, தோளில் பாரம் மட்டும்.

தெருவிளக்குகளை அணைத்தார்கள். அத்தனை ஆயிரம் பேர் இருந்தும் எங்கோ ஒருவர் இருமியதுகூடத் தெளிவாகக் கேட்டது. இருட்டில் அக்காவின் கை என் கைக்குப் பக்கத்தில் ஜன்னல் கட்டையில் இருந்தது. இதைவிட்டால் முடியாது என்று தோன்றியது. சத்தியமாவது ஒன்றாவது.

"அக்கா. அம்மாவுக்கு"

"வருது பாரு" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கும்படி.

தெரு முனையில் வெளிச்சம் திரும்பியது. கூரைகளுக்கு மேலே, நடந்து வரும் ஒரு பெரிய தீச்சுடர். எங்கள் ஜன்னல் அளவில் அதன் முழங்கால். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். இரண்டு பக்கமும் கூரைக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். கீழே நூறு பேரின் காலடிச் சத்தம், ஒரே ஆள் நடப்பதுபோல.

எங்கள் ஊர்த் திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை. முக்கில் நின்று திரும்பிவிடும். தெரு குறுகல், தேர் இடிக்கும் என்பார்கள். சின்ன வயதில் நான் அதை நம்பினேன். அம்மா முக்குவரை போய்க் கும்பிட்டுவிட்டு வருவாள்.

இன்று பார்த்த தெரு எங்கள் தெருவைவிடக் குறுகல்.

"பாத்தியா?" என்றாள் அக்கா. "மொத வருஷம் நான் இத பாத்துட்டு ராத்திரி பூரா அழுதேன். இடிக்கும்னு சொன்னாங்களேடி."

4 செப்டம்பர்

தெருவெல்லாம் சந்தை. மிட்டாய், பலூன், முழுப் பன்றி வறுவல். மூலையில் ஒரு போன் கடை கண்டுபிடித்து அண்ணனுக்குப் பேசினேன்.

அம்மாவால் இப்போது சாய்ந்துகூடத் தூங்க முடியவில்லையாம். நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஸ்டூலில் தலையணை போட்டுக் கவிழ்ந்துகொள்கிறாள். "தண்ணி எடுத்தா ரெண்டு நாள்கூடத் தாங்கல" என்றான்.

"அண்ணா, நான் சொல்லிட்றேன்."

"சொல்லிடாத. எங்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கினு ஒக்காந்துகினு இருக்குது. இப்பகூட, ரோஜா படுக்கும்போது தலைய வடக்கால வெக்கப் போறாங்க, சொல்லுன்னுது."

எல்லோரும் சத்தியத்தைக் காப்பாற்றுகிறோம். அம்மாவை யார் காப்பாற்றுவது?

நாளைக் காலை சொல்லப் போகிறேன். தீர்மானம் பண்ணியாயிற்று.

5 செப்டம்பர்

விடிந்து போனால் அக்கா தியானத்துக்குப் போய்விட்டாள். வார்த்தைப்பாட்டுக்கு முந்திய மூன்று நாளும் மௌனம். யாரோடும் பேசக் கூடாது. இன்று காலை தொடங்கிவிட்டது. எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை.

கோவிலில் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

7 செப்டம்பர்

நிக்கோலாவுக்கு இன்று காலைக் கஞ்சி நான் ஊட்டினேன். இன்றைக்கா என்று கேட்டார். அது நாலு நாளைக்கு முந்தியே முடிந்துவிட்டது, அவருக்கு நினைவில்லை. அக்கா சொல்லும் அந்த ஒரு வார்த்தை எனக்கும் பழகிவிட்டது. நாளைக்கு என்றேன். குடித்தார்.

8 செப்டம்பர்

அக்கா பீடத்துக்கு முன்னால் குப்புறப் படுத்தாள். நெற்றி கல்தரையில். இரண்டு சிஸ்டர்கள் அம்மா எடுத்த புடவையை மூன்றாக மடித்து, தலையிலிருந்து பாதம்வரை போர்த்தினார்கள். அரக்குக் கரை குதிகாலைத் தாண்டி ஒரு விரல் மிச்சம். படுத்தால் போதும் என்று அம்மா சொன்னது சரி.

புனிதர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடினார்கள். நீண்ட பாட்டு. நான் யாரையும் கூப்பிடவில்லை. புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சீராக இல்லை. துணிக்குள்ளே அழுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்தியில் என்று நினைத்தேன்.

இனிமேல் சொல்லலாம். அம்மாவின் கெடு முடிந்தது. ஆனால் இன்று முழுக்க விருந்து, வாழ்த்து, கேக். நாளை ரயில் நிலையத்துக்கு அவள்தான் வருகிறாள்.

9 செப்டம்பர்
ரோம் விமான நிலையம்

விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பிளாட்பாரத்தில் நான் வாயைத் திறக்கும் முன்னே, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். புடவை.

"எடுத்துகினு போ."

"அம்மா ஒனக்குன்னு குடுத்ததுக்கா."

"எனக்குதான் போத்தியாச்சே. இனிமே எனக்குன்னு சொந்தமா ஒன்னும் கெடயாது." ரயில் வருகிறதா என்று பார்ப்பவள்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பெரிய பொண்ணு கோடி போடணும்ல. கடையில போய் எடுக்க எங்கிட்ட காசு ஏது. இதயே போட்டுடு ஜெயம். என் ஒடம்புல பட்டதுதான்."

பொட்டலத்தோடு எழுந்து அவள் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

"ஒனக்குத் தெரியுமா?"

"ஜூலையில அம்மா பேசிச்சே. மூச்ச இழுத்து வச்சிக்கினு ஒரே மூச்சுல. நான் இங்க எத்தினி பேர எங்கையில புடிச்சி அனுப்பியிருக்கேன். அந்த மூச்சு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா அது பொய் சொல்லணும். பொய் சொல்றதுக்கும் மூச்சு வேணுமேடி."

"அப்ப எங்கிட்ட? நான் பத்து நாளா நெஞ்சுல கல்ல வச்சிக்கினு… ரெண்டு வாட்டி சொல்ல வந்தேன். குதிரயக் காட்ற. கையப் புடிச்சி நசுக்கற."

"நீ சொல்லிட்டா நான் தெரிஞ்சவளாயிடுவேன். தெரிஞ்சப்பறம் போவாம இருக்க முடியாது. போனா திரும்பி வர மாட்டேன். அம்மாவ அந்த மாதிரி பாத்துட்டு இந்த ஊருக்குத் திரும்பி வர்றவ இல்ல நான். அது அம்மாவுக்கும் தெரியும். அதான் சொல்லல."

"இப்ப வாயேன். எல்லாம்தான் முடிஞ்சிதே. அம்மாவே சொல்லிச்சி, எட்டாந்தேதிக்கு அப்பறம் வந்து பாக்கட்டும்னு. கேட்டா விடுவாங்க இல்ல?"

"விடுவாங்க. மதர் நல்லவங்க." என் பெட்டியின் பட்டையை இழுத்துச் சரிசெய்தாள். "நேத்து சத்தியம் பண்ணதுல நான் வேற ஆளாயிட்டனா? அதே ரோஜாதான். இப்பவும் வந்தா திரும்ப மாட்டேன்."

ரயில் வந்துவிட்டது. நான் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். ஜன்னலிலிருந்து பார்த்தபோது அங்கேயே நின்றிருந்தாள். கையாட்டவில்லை. அசையவே இல்லை.

என்ன பொம்பளைங்க இவங்க ரெண்டு பேரும். ஒருத்திய ஒருத்தி இவ்ளோ தெரிஞ்சி வச்சிக்கினு. நடுவுல நான் எதுக்கு?

11 செப்டம்பர்
விழுப்புரம்

அம்மா பாதியாகிவிட்டாள். அண்ணி நாற்காலிக்குப் பின்னால் துணி கட்டி விழாமல் வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "போத்தினாங்களா?"

"போத்தினாங்கம்மா. தலையிலேர்ந்து கால் வரைக்கும். பார்டர் ஒரு விரல் மிச்சம்."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து:

"சொல்லிட்டியா?"

"நான் சொல்லல. அதுக்கே தெரிஞ்சிருக்குதும்மா. ஜூலையிலேயே."

"ஓ." மூச்சு வாங்கியது. "அப்ப வராது."

அது நிம்மதியா, வேறு ஏதாவதா? முகத்தை வெகுநேரம் பார்த்தேன். தெரியவில்லை. கோபுரத்தை எப்படித் தூக்கினார்கள் என்று கேட்டாள். தெருவின் அகலத்தைச் சொன்னேன். தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "நம்ம தெரு இதவிடப் பெருசாச்சே" என்றாள்.

புடவை என் பெட்டிக்குள் இருக்கிறது. அதைச் சொல்லவில்லை.

18 செப்டம்பர்

அம்மா திண்டிவனத்துக்கே போக வேண்டும் என்றாள். வந்துவிட்டோம்.

16 அக்டோபர், ஞாயிறு
திண்டிவனம்

போன் வந்தது. அம்மாவின் காதில் வைத்தேன். அம்மாவால் பேச முடியவில்லை. அந்தப் பக்கமும் பேச்சு இல்லை. துண்டித்துவிட்டதோ என்று வாங்கி என் காதில் வைத்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்ப அம்மா காதிலேயே வைத்துவிட்டேன். அக்காவின் நேரம் முடியும்வரை அப்படியே இருந்தது.

20 அக்டோபர்

அம்மா நேற்று விடியலில் போய்விட்டாள். கிறிஸ்துமஸ்வரை என்று சொல்லியிருந்தார்கள்.

பிற்பகல் கோடி போட்டார்கள். அம்மா பிறந்த வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் போர்த்தினார்கள். கூப்பிட்டது பூமாலை மாமா. தெருவில் எந்தச் சாவுக்கும் அவர்தான். "பெரிய பொண்ணு" என்று ஆரம்பித்தவர், நினைவு வந்து, "அது மடத்துல இருக்குது, அது கணக்குல வராது, அடுத்தது" என்றார்.

"இருக்குது மாமா" என்றேன்.

பெட்டியிலிருந்து எடுத்து வந்தேன். அண்ணன் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணி சொன்னாள்: "இது ரோஜாவுக்கு எடுத்ததாச்சே."

"ரோஜா போத்திக்கினு குடுத்தது."

மாமா ஒரு நிமிஷம் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெருமுனைவரை கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "பெரிய பொண்ணு கோடி."

அதே மாதிரி மூன்றாக மடித்துப் போர்த்தினேன். இந்த முறை கரை ஒரு விரல் இல்லை, ஒரு முழம் மிச்சமிருந்தது. அம்மா அவ்வளவு சின்னவளாகிவிட்டிருந்தாள். மிச்சத்தைக் காலுக்கடியில் மடித்துச் செருகினேன்.

3 ஜூன் 2012, ஞாயிறு

அக்கா மே மாத விடுப்பில் வந்தாள். தெருப் பிள்ளைகளெல்லாம் வாசலில். கல்லறைக்குக் கூட்டிப் போனேன். மண்டியிட்டாள், அழவில்லை. எழுந்திருக்கும்போது சிமெண்டை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினாள். ராத்திரியில் அம்மா படுக்கும் இடத்தில் படுத்தாள். விதெர்போவைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. ஒரே ஒரு நாள், நிக்கோலா கிழவர் பனிக்காலத்தில் போய்விட்டார் என்றாள்.

"இன்னொரு நாளு இருந்தா திரும்ப மாட்டேன்டி" என்று டிக்கெட்டை ஒருநாள் முன்னதாக மாற்றிக்கொண்டு நேற்று திரும்பிப் போய்விட்டாள்.